மூன்றாந்தரம் கேட்டபோது

ஹார்ட்ஸ் மலையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாபநாசத்துப் பக்கம் பிறந்தவன் நான். காலையில் பல் தேய்க்க வாசலுக்கு வந்தாலே பொதிகை கண்ணில் படும். கோட்டிங்கனில் ரயிலேறி ஹெர்ட்ஸ்பெர்க்கில் இறங்கினால் ஊசியிலை மரங்களைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் இந்த மேடுகளை மலை என்று சொல்ல இவர்களுக்கு வெட்கமாக இல்லையா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். 1967ஆம் வருஷம் மே மாதம் அந்த மேட்டில் கண்மணி மதினி ஏறியதைப் பின்னாலேயே நடந்து பார்த்தவனும் நான்தான். அதற்குப் பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

மதினியின் வீட்டுக்காரர் சிதம்பரம் அண்ணாச்சி கோவில்பட்டிக்காரர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலை அவர் பொறுப்பு. செம்பில் கொஞ்சம் வேறு உலோகம் கலந்து உருக்கி, மணிக்கு இத்தனை டிகிரி என்று இறக்கி, ஒரே படிகமாக உறைய வைக்க வேண்டும். நடுவில் கவனம் பிசகினால் நாலு நாள் வேலை பாழ். அந்தச் சூட்டுக்கு முன்னால் அசையாமல் உட்கார அவரை விட்டால் ஆளில்லை. அவர் எடுத்துத் தரும் கட்டியை அறுத்து, பிசினில் பதித்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பது என் வேலை.

இத்தனை பொறுமை உள்ள மனுஷனுக்கு வாய் மட்டும் கிடையாது. பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் காபி போடுவார்கள். "உங்களுக்கு?" என்று கேட்பார்கள். அண்ணாச்சி வேண்டாம் என்பார். நம் பக்கத்தில் விருந்தாளி முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வார். இரண்டாம் தடவையும் சொல்வார். மூன்றாம் தடவை தம்ளரைக் கையில் திணித்தால் குடிப்பார். கேட்டவுடனே சரி என்றால் காணாததைக் கண்டவன் என்பார்கள். ஜெர்மன்காரன் ஒரு தடவைதான் கேட்பான். வேண்டாம் என்றால் அவனுக்கு வேண்டாம்தான். முதல் வருஷம் முழுக்க அண்ணாச்சி அந்தக் காபியின் வாசனையை மட்டும்தான் கண்டார். நான் மூன்றாம் மாதமே கற்றுக்கொண்டேன். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் "யா" என்று சொல்லிவிடுவேன். யா என்றால் ஆமாம்.

மதினிக்கு அப்போது ஆறாம் மாசம். அதற்கு முன் ஊரில் இரண்டு பேறு. மூத்தது உயிரோடு பிறந்து, மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள் பாரித்து அடங்கிவிட்டது. அடுத்தது வயிற்றிலேயே போயிற்று. சாமி குற்றம் என்று சொல்லி எத்தனையோ கோயில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் ஒத்துப்போகவில்லை. அவள் உடம்பே பிள்ளையின் ரத்தத்தை அழிக்கிறது. பிள்ளையை ஒரு மாதம் முன்னதாகப் பிறக்க வைத்து, உடனே அதன் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும். ஜூலை நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஊரில் அவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் அந்த வசதி கிடையாது.

அண்ணாச்சியின் கான்ட்ராக்ட் ஜூன் முப்பதோடு முடிகிறது. ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ், விசா எல்லாம் அதோடு கட்டியிருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் ப்ரொஃபஸர் ஹெல்ம்கே ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருகிற சனிக்கிழமை அமெரிக்கா போகிறார். திரும்ப நாலு மாதம் ஆகும். செயலாளர் அம்மாளிடம் நேரம் கேட்டால் செப்டம்பர் என்றாள். ஃபாரம் நாலு வாரமாக அண்ணாச்சியின் கோட்டுப் பையில் மடிந்து கிடந்தது.

இடையில் ஒரே ஒரு நாள் இருந்தது. ஏசுநாதர் வானத்துக்குப் போன வியாழக்கிழமை விடுமுறையில் ஆய்வுக்கூடம் மொத்தமும் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலை ஏறும். ப்ரொஃபஸர் முன்னால் நடப்பார். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் அவரோடு பேசலாம்.

காலை ஆறு மணிக்கு நான் அவர்கள் இருந்த மச்சு அறைக்குப் போனபோது மதினி புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். புடவைக்குக் கீழே அண்ணாச்சியின் கம்பளிக் காலுறை.

"நீங்க எதுக்கு மதினி? பத்து கிலோமீட்டர் ஏத்தம்."

"மெதுவா நடக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நான் வராட்டி இவுக வாயத் தொறக்க மாட்டாக தம்பி. பக்கத்துல நின்னா வெக்கத்துக்காவது தொறப்பாகல்லா?"

அண்ணாச்சி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார். "ஏளா, அவுகளாவே கேப்பாக. பெரிய மனுசன். நம்ம நெலம அவுகளுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? சோசியமா பாக்காக? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாக?"

சட்டியைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "தம்பி, இவுக தட்டுத் தடுமாறினா நீங்களாவது எடுத்துக் குடுக்கணும். ஒங்களுக்குத்தான் அவுக பாஷ நல்லா வரும்."

"நான் இருக்கேன் மதினி" என்றேன். சொன்னது நான்தான்.

ஹெர்ட்ஸ்பெர்க்கில் இறங்கியபோது முப்பது பேர் இருந்தோம். எங்கள் பட்டறை மெக்கானிக் க்ரூஸ ரயிலடியிலேயே தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைப் பொறுக்கினான். அது அவர்கள் வழக்கம். நடக்கும்போது வேலையைப் பற்றி யார் பேசினாலும் அந்தக் கல்லைத் தன் முதுகுப் பையில் சுமக்க வேண்டும். அடுத்த ஆள் பேசி மாட்டினால் அவன் பைக்கு மாறும். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியின் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

"வேலையப் பத்திப் பேசக் கூடாதாம்ளா."

"கல்லுதானே? நான் சொமக்கேன், நீங்க பேசுங்க" என்றாள் மதினி.

பாதை ஓடையை ஒட்டிப் போயிற்று. பீச் என்கிற காட்டு மரங்களில் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. அடியில் சருகுக்குள்ளே வெள்ளைப் பூக்கள். உச்சியில் உருகிய பனித்தண்ணீர் ஓடையில் இரைந்துகொண்டு வந்தது. வெயில் அடிக்கும், கோட்டைக் கழற்றுவதற்குள் சாரல் வந்துவிடும். மதினி நூறு அடி நடப்பாள், நிற்பாள், வயிற்றில் கை வைப்பாள். ப்ரொஃபஸரின் மனைவி நல்ல மாதிரி. மதினியின் வேகத்துக்குத் தானும் நடந்து, மொழி தெரியாமலே ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். ப்ரொஃபஸரோ அறுபது வயதில் ஆடு மாதிரி ஏறினார். அவரை எட்டிப் பிடிக்க அண்ணாச்சி நாலு எட்டு ஓடுவார். பெண்டாட்டி நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று.

அங்கே அந்த வியாழக்கிழமைக்கு இன்னொரு பெயரும் உண்டு. தகப்பன்மார் தினம். ஆண்கள் கைவண்டியில் பீர்ப் பீப்பாயை வைத்து இழுத்துக்கொண்டு காட்டில் பாடித் திரிவார்கள். ஒரு கூட்டம் எதிரே வந்தது. அதில் ஒருவன் மதினியின் வயிற்றைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியின் தோளில் தட்டினான்.

"நீயும் தகப்பனா?"

அண்ணாச்சி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் பீர்க் கோப்பையை நீட்டினான். "வேண்டாம்" என்றார். அவன் கோப்பையைத் தானே குடித்துவிட்டுப் போய்விட்டான்.

பாதி வழியில் வெட்டிய மரங்களை அடுக்கிவைத்திருந்த இடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். மதினியும் அந்த அம்மாளும் இன்னும் வளைவுக்குக் கீழே வந்துகொண்டிருந்தார்கள். ப்ரொஃபஸர் முட்டை உரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார்.

"ஹெர் சிதம்பரம், நான் கல் சுமக்கத் தயார். ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் இடம் ஜூனோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் வேண்டுமா? அல்லது குழந்தைக்காக ஊருக்குப் போக விரும்புகிறீர்களா?"

தெய்வமே வந்து கேட்கிறது. அண்ணாச்சி எழுந்து நின்றார். இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"இல்லை, இல்லை ஹெர் ப்ரொஃபஸர். எவ்வளவோ செய்துவிட்டீர்கள். இன்னும் தொந்தரவு கொடுக்க மாட்டேன். வேண்டாம்."

"நிச்சயமாகவா?" என்றார் அவர்.

"நிச்சயமாக."

ப்ரொஃபஸர் தலையை ஆட்டினார். க்ரூஸ சிரித்துக்கொண்டே கல்லை அவர் பையில் போட்டான். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்திருந்தது. இரண்டு தடவை மறுத்தாயிற்று. மூன்றாம் தடவைக்கு அவர் தயாராக நின்றார். மதினி வளைவில் தெரியவும், அவளுக்குத் தண்ணீர் பிடிக்கப் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்.

ப்ரொஃபஸர் என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் அந்த இடம் காலி. ஹெர் கோபாலன், உங்கள் உதவித்தொகை செப்டம்பரில் முடிகிறது அல்லவா? வேண்டுமா?"

"யா" என்றேன்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். வாய்ப்பழக்கம் என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பழக்கம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோயிற்று. அதற்குப் பின் மூச்சுவிட எவ்வளவோ நேரம் இருந்தது. அண்ணாச்சி வேண்டாம் என்றதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை ஐயா என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் இன்னொரு வருஷம் வேண்டியிருந்தது. அதனால் சொல்லவில்லை.

மதினி மேலே வந்து மரத்தில் சாய்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தூக்குச்சட்டியைத் திறந்து எனக்குத்தான் சோறு வைத்தாள். கறிவேப்பிலை இல்லாத புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பொரியல்.

"போதும் மதினி."

"என்னத்த போதும்? பச்சப்பிள்ள கூட இதவிடத் திங்கும்." இன்னொரு கரண்டி விழுந்தது.

"போதும், போதும்."

மூன்றாவது கரண்டியும் விழுந்தது. அப்போதுதான் அண்ணாச்சி தண்ணீரோடு வந்தார்.

"கேட்டீகளா?"

"ஏளா, அவுகளே கேட்டாக! நான் சொன்னேன்லா?" குழந்தை மாதிரி சிரித்தார். "ஒரு வருசம் வேணுமான்னு கேட்டாக. வேண்டாம்னு சொல்லிருக்கேன்."

மதினியின் கரண்டி நின்றது. "வேண்டாம்னா?"

"பின்ன, கேட்ட ஒடனே பல்லக் காட்டச் சொல்லுதியா? ரெண்டுதரம் கேட்டுட்டாக. மேல போயி ஒக்காந்ததும் மறுபடி கேப்பாக, பாரேன்."

"கேக்காட்டி?"

"கேக்காம எங்க போவாக?"

அவள் என்னைப் பார்த்தாள். "தம்பி, கேப்பாகளா?"

வாயில் சோறு இருந்தது. அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். நான் கெட்டவன் இல்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சோறு தொண்டையில் இறங்கிய விதம் எனக்குத்தான் தெரியும்.

அதற்கு மேல் ஏற்றம் செங்குத்து. பீச் மரங்கள் முடிந்து ஊசியிலைக் காடு வந்தது. சாரல் ஆலங்கட்டியாக மாறிக் கொட்டைப் பாக்குப் போல முதுகில் விழுந்தது. மதினி இப்போது நிற்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் சேற்றில் வழுக்க வழுக்க, வேரையும் கிளையையும் பிடித்து ஏறினாள். அண்ணாச்சி கையைப் பிடிக்கப் போனால் உதறினாள்.

"மெல்லப் போளா. ஒனக்கு ஏதாவது ஆயிரப்போவுது."

"ஆவாம இருக்கத்தான் போறேன். அந்தப் பெரியவுக எங்க இருக்காக? கண்ணுக்குத் தெரியுதாகளா?"

"மேல போயிருப்பாக."

"நீங்க முன்னால ஓடுங்க."

"ஒன்ன விட்டுட்டா?"

"ஆமா, என்ன விட்டுட்டு. ரெண்டையும் மண்ணுல வச்ச கையி இது. இந்தத் தடவ வைக்க மாட்டேன். போங்க."

அண்ணாச்சி போகவில்லை. நடுவழியில் நின்று பெண்டாட்டியையும் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் பயம் தட்டியது. "தம்பி," என்றார் மெதுவாக, "இந்த ஊர்ல மறுபடி கேக்கற வழக்கம் உண்டுல்லா?"

"பாப்போம் அண்ணாச்சி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

உச்சியில் ஒரு மரவீட்டுச் சாப்பாட்டுக்கடை. உள்ளே கணப்பு, ஈரக் கம்பளி நாற்றம், நீள மேஜைகளில் பட்டாணி சூப்பும் மாவு உதிர்த்த கேக்கும். நாங்கள் கடைசியாக நுழைந்தோம். மதினியின் முந்தானை நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. ப்ரொஃபஸரின் மனைவி எழுந்து தன் கம்பளிச் சால்வையைப் போர்த்திவிட்டாள். ப்ரொஃபஸர் கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். உச்சிக்கு வந்தாயிற்று, இனி வேலையைப் பேசலாம் என்று அதற்கு அர்த்தம். கோப்பையைக் கரண்டியால் தட்டினார்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ப்ரொஃபஸர் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார். ஊர் திரும்பும் குடும்பத்துக்கு நல்ல பிரயாணம் வாழ்த்தினார். உலையை ஜூலையிலிருந்து ஹெர் கோபாலன் பார்த்துக்கொள்வார் என்றார். முப்பது பேரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டல் அப்படித்தான்.

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. அவர் கை கோட்டுப் பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மதினிக்குப் புரியவில்லை. எல்லோரும் தட்டுவதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

"என்ன சொல்லுதாக தம்பி? கேட்டாச்சா?"

நான் ஈரக் கோட்டைக் கழற்றப் போனேன்.

"சொல்லுங்க தம்பி."

சொன்னேன். என் வாயால், தமிழில், ஒரு சொல் விடாமல் சொன்னேன். வழியிலேயே அவர் என்னைக் கேட்டதையும், நான் சரி என்றதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேஜையைப் பிடித்து எழுந்தாள்.

"ஏளா, உக்காரு. சபையில..."

"சபையாவது மண்ணாவது" என்று ப்ரொஃபஸருக்கு எதிரே போய் நின்றாள். "தம்பி, நான் சொல்லுதத அப்படியே சொல்லுங்க. ஐயா, இது எனக்கு மூணாவது. ரெண்டு போயிட்டு. இதயும் ஊருக்குக் கொண்டு போனா இதுவும் போயிரும். இங்கதான் ரத்தம் மாத்துவாக. அதுவரைக்கும் எங்கள வச்சிருங்க. அவுக வேண்டாம்னது மரியாதைக்குச் சொன்னது."

அப்படியே ஜெர்மனில் சொன்னேன். ப்ரொஃபஸர் கரண்டியைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, திகைப்புதான்.

"நான் கேட்டேனே. நிச்சயமாகவா என்றும் கேட்டேன்."

"எங்களிடத்தில் முதல் மறுப்பு மறுப்பு இல்லை" என்றேன்.

"இரண்டாவது?"

"அதுவும் இல்லை."

"பிறகு ஒருவருக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கு எப்படித்தான் தெரியும்?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஹெர் கோபாலன். நான் திரும்ப வாங்க முடியாது. நீங்கள்தான் திருப்பித் தர முடியும்."

உடனே தந்தேன் என்று எழுத ஆசைதான். மேஜையில் இருந்த கல்லைப் பார்த்தேன். மதினியின் பூட்ஸைப் பார்த்தேன். சேறு முழங்கால்வரை ஏறியிருந்தது. அந்தப் புளிச்சோற்றின் மூன்றாவது கரண்டி இன்னும் நெஞ்சிலேயே நின்றது.

"தருகிறேன்" என்றேன்.

ப்ரொஃபஸர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது போலக் கேட்டார். "ஹெர் சிதம்பரம், மூன்றாம் தடவை கேட்கிறேன். இந்த இடம் உங்களுக்கு வேண்டுமா?"

அண்ணாச்சி எழுந்தார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் கத்தினேன்.

"தம்பிக்குக் குடுத்தத நான் எப்படி..." என்று தமிழில் ஆரம்பித்து, ப்ரொஃபஸரைப் பார்த்து ஜெர்மனில் முடித்தார். "வேண்டாம். அவர் சின்னப் பையன். அவருக்கே இருக்கட்டும்."

"யா" என்றாள் மதினி.

எல்லோரும் திரும்பினார்கள். வந்து ஒன்றரை வருஷத்தில் ரொட்டிக்கடையில் கற்ற ஒரே சொல் அது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் மேஜை விளிம்பையும் பிடித்திருந்தாள்.

ப்ரொஃபஸர் தலையாட்டினார். அது போதவில்லை அவளுக்கு. "யா" என்றாள் மறுபடி. பிறகு, அழுகையோடு, "யா."

"ஒரு தடவை போதும் அம்மா" என்றார் அவர். நான் அதை அவளுக்கு மொழிபெயர்த்தேன்.

ஃபாரம் நாலாக மடிந்து, ஈரத்தில் மை கலங்கியிருந்தது. மடிப்பு எழும்பாமல் இருக்க ப்ரொஃபஸர் அந்தக் கல்லையே அதன் தலையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நீட்டிப்பு வருஷக் கடைசி வரைக்கும். அதற்குப் பிறகு இடம் எனக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி தேய்த்தேன். தேய்ப்பது எனக்குப் பழகிய வேலைதானே.

இறங்கும்போது மதினி என்னோடு பேசவில்லை. ரயிலில் தூக்கைத் திறந்து பார்த்தாள். அடியில் கொஞ்சம் சோறு ஒட்டிக்கிடந்தது.

"திங்குதீகளா?" என்று கேட்டாள்.

"தாங்க மதினி" என்றேன்.

ஜூலை பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு நானும் அண்ணாச்சியும் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டிருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. கீச்சுக் குரல்தான், ஆனால் விடாமல் அழுதது. டாக்டர் ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார். ஆண் பிள்ளை, இப்போதே மஞ்சள் தட்டுகிறது, ரத்தம் முழுவதையும் மாற்றியாக வேண்டும், ஆபத்தும் இருக்கிறது, தகப்பனின் சம்மதம் தேவை என்றார்.

"நாங்கள் இதைச் செய்யலாமா, ஹெர் சிதம்...?"

"யா" என்றார் அண்ணாச்சி. அவர் பெயரைக்கூட டாக்டர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.